சேற்று டயரும் நசுங்காத எலுமிச்சம்பழமும்

ஒரு எலுமிச்சம்பழம் ஏன் நசுங்கவில்லை என்ற காரணம், சுற்றி நிற்பவர்களில் ஒருத்திக்கு மட்டும் தெரிந்திருந்தால், அவள் அதைச் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? காரைக்கால் வந்த நாள்முதல் என்னென்னவோ பார்த்துவிட்டேன். இந்த ஒன்றுக்குத்தான் இன்னும் பதில் தெரியவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

நான் மஸ்கட்டில் இருப்பவள். பிறந்தது ஈரோட்டுப் பக்கம். கணவருக்குச் சொந்த ஊர் காரைக்கால் பக்கம் விழிதியூர். மாமியாருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. முதலில் ஒரு கண், சில வாரம் கழித்து இன்னொரு கண் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. "நீ போய்ட்டு வந்துடேன், உனக்கென்ன இங்க ஆபீஸா இருக்கு?" என்றார். எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்துவிட்டு ஃபிளாட்டில் இட்லி ஊற்றுகிறவள் இதற்கு என்ன பதில் சொல்வது? நாலு வயது மகள் தாரிணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

கூடவே ஒரு மூட்டையும் கொடுத்தனுப்பினார். வண்டிச் சக்கரத்துக்கான நட்டுகள், இருபத்து நாலு. கறுப்பு நிறத்தில், ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமனில். கொழுந்தன் பிரபாகரன் தன் பிக்கப் வண்டிக்குப் பெரிய சக்கரம் மாட்டப் போகிறாராம். அதற்கு மஸ்கட் நட்டுதான் வேண்டுமாம். எடை கூடிப்போனதால் பெட்டியிலிருந்து எதையாவது எடுக்க வேண்டியிருந்தது. தாரிணிக்கு இளைப்பு வந்தால் வைக்கிற நெபுலைசரை நான் விட்டுக்கொடுக்கவில்லை. என் புடவைகள் வெளியே போயின.

விமான நிலையத்தில் ஓர் அதிகாரி அந்த மூட்டையைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"வண்டி நட்டு சார்."

"ஏன், இங்க கிடைக்காதா?"

"கிடைக்கும் சார்."

"அப்புறம் எதுக்கு?"

நான் தாரிணியின் தலையைத் தடவினேன். அவர் பரிதாபப்பட்டு விட்டுவிட்டார்.

காரைக்கால் வந்து சேர்ந்த கதை யாருக்கும் வேண்டாம். பேருந்து நிலையத்தில் எங்களை அழைத்துப்போக நின்ற வண்டியைப் பற்றிச் சொன்னால் போதும். பளபளப்பில்லாத கறுப்பு. கூரைமேல் ஒரு வரிசை விளக்கு. வெள்ளத்தில் மூச்சுவிட ஒரு மூக்குக் குழாய். முன்னால் சுருட்டி வைத்த இரும்புக் கயிறு. பக்கவாட்டில் பூட்டுப் போட்டு மாட்டிய ஒரு மண்வெட்டி, அதில் கடைக்காரர் ஒட்டிய விலைச் சீட்டு இன்னும் கிழியாமல் இருந்தது. உடம்பை வேறு ஸ்பிரிங் வைத்துத் தூக்கியிருந்தார்கள். சாதாரணச் சக்கரத்திலேயே அதன் இருக்கை என் மார்பு உயரத்தில் இருந்தது. தாரிணியை மூட்டையைப் போல உள்ளே ஏற்றினோம். நான் ஏறிய விதத்தை எழுத மாட்டேன்.

"எப்படி அண்ணி, மிருகம் மாதிரி இல்ல?" என்றார் பிரபா.

"ஆமா தம்பி" என்றேன். வேறென்ன சொல்வது?

பிரபாவுக்கு நெடுங்காட்டில் உரக்கடை. இவ்வளவு பெரிய பிக்கப்பின் பின்தட்டில் யூரியா மூட்டை ஏற்றுவாரா என்று கேட்டேன். அடிபட்டதுபோல் பார்த்தார். பெயிண்ட் போய்விடுமாம். உரம் கொண்டுவர குட்டி யானை என்கிற மினி லாரியை வாடகைக்கு எடுக்கிறார். சுமை வண்டி சும்மா நிற்க, சுமைக்கு வேறு வண்டி.

மாமியார் வாசலிலேயே நின்றிருந்தார். என் முகத்தைப் பார்க்காமல் என் குரல் வந்த பக்கம் பார்த்துச் சிரித்தார். போனில் பேசும்போது "கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அடுப்பு எரிவதைச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார். வலது காலில் கஞ்சி கொட்டிய தழும்பு. அந்தக் கண்ணோடு எங்களுக்காகக் கொடுவா மீன் குழம்பு வைத்திருந்தார். ருசி அபாரம். தாரிணிக்குக் கொடுக்கும் முன் ஒவ்வொரு துண்டையும் நான் இரண்டு முறை பிய்த்துப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். ஆபரேஷன் முடிந்து வரும்போது குனியக் கூடாது, இருமக் கூடாது, வண்டியில் அதிகம் குலுங்கக் கூடாது. ஆஸ்பத்திரி தஞ்சாவூர்ப் பக்கம். நான் உடனே சொன்னேன்: "ஒரு கார் வாடகைக்குப் பேசிடலாம் அத்தை."

பிரபா என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் ஏதோ பிணத்தை எடுக்கச் சொன்னதுபோல.

"வீட்ல புள்ள வண்டி நிக்கிறப்ப வாடகை வண்டியா?" என்றார் அத்தை. "ஊர்ல கேக்குறவங்களுக்கு நான் என்ன சொல்றது?"

"வீல் மாத்துனதும் பாருங்க அண்ணி" என்றார் பிரபா. "அம்மா பல்லக்குல போற மாதிரி போவாங்க."

இரவு கணவரிடம் சொன்னேன். "அவன் சின்னப் பையன், ஆசைப்படுறான். விடேன்" என்றார். சின்னப் பையனுக்கு முப்பது வயது. காதோரம் நரை.

மறுநாள் திருமலைராயன்பட்டினத்தில் டயர் கடை. "நீயும் கூடப் போ, நட்டு சரியா மாட்டுறாங்களான்னு பாரு" என்று கணவர் உத்தரவு. முதல் நாள் விட்டுவிடச் சொன்னவர் மறுநாள் கண்காணிக்கச் சொல்கிறார். நானும் தாரிணியும் போனோம்.

கடைக்காரர் அன்சாரி பாய். வளைகுடாவில் பல வருடம் டயர் கடையில் இருந்துவிட்டு வந்தவர். அதை நாம் மறந்துவிடுவோமோ என்று ஒவ்வொரு பேச்சிலும் நினைவுபடுத்தினார்.

"வாங்கம்மா, உக்காருங்க. மஸ்கட்டா? நான் சலாலாவுல இருந்தவன். ஷேக்கு வண்டிக்கே இந்தக் கையால டயர் மாட்டியிருக்கேன்."

புதிய டயர்கள் சுவரில் சாய்ந்திருந்தன. தாரிணியின் தோள் உயரம். சேற்றில் ஓடுவதற்கென்று செய்தவை. வழக்கமான டயரில் கோடுகள் இருக்கும். இதில் கட்டி கட்டியாக ரப்பர், கட்டிகளுக்கு நடுவே என் மூன்று விரல் போகும் பள்ளம். மஸ்கட்டில் இவற்றைத் தினமும் பார்க்கிறேன், பெரும்பாலும் சூப்பர் மார்க்கெட் வாசலில்.

நான் முந்தின இரவு வண்டியின் கையேட்டைப் போனில் படித்திருந்தேன். படித்ததை வரிசையாகக் கேட்டேன். சக்கரம் பெரிதானால் வேகமுள் குறைத்துக் காட்டுமே? பிரேக் பிடித்து நிற்க அதிக தூரம் ஆகுமே? கட்டிகள் தார் ரோட்டில் அதிருமே? முழுசாக வளைத்தால் டயர் மட்கார்டில் உரசுமே?

அன்சாரி பாய் பொறுமையாகக் கேட்டார். பிறகு பிரபாவிடம், "தம்பி, உங்க அண்ணி நல்லாப் படிச்சிருக்காங்க" என்றார். பதில் அவ்வளவுதான்.

ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கினார்கள். காற்றில் ஓடும் துப்பாக்கி போன்ற ஒன்றை வைத்து நட்டுகளைக் கழற்றினார்கள். காது கிழிந்தது. தாரிணி என் மடியில் முகத்தைப் புதைத்தாள். பழைய சக்கரம் இறங்கியது. புதியதைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. மஸ்கட் நட்டுகளைப் போட்டு ஒரே வட்டமாகச் சுற்றி இறுக்க ஆரம்பித்தார்கள். அதுதான் கூடாது. ஒன்றை இறுக்கினால் அடுத்து அதற்கு எதிரே இருப்பதை இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் ஒரு பக்கமாக உட்காரும். கையேட்டில் படமே போட்டிருக்கிறது. போனை நீட்டிக் காட்டினேன்.

வேலை செய்துகொண்டிருந்த வடநாட்டு ஆள் பக்கத்தில் இருந்தவனிடம் இந்தியில் ஏதோ சொன்னான். மஸ்கட்டில் இந்தி தெரியாமல் காய்கறி வாங்க முடியாது என்பது பாவம் அவனுக்குத் தெரியாது. "இந்த அம்மாவும் நட்டோட சேர்ந்து இறக்குமதி ஆகி வந்திருக்காங்க போல" என்று சொன்னான். நானும் இந்தியிலேயே, "ஆமாம், எதிரெதிராக இறுக்குங்கள்" என்றேன். எதிரெதிராக இறுக்கினான்.

கழற்றிய பழைய நட்டுகள் தரையில் சிதறிக் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தாரிணியின் பிஸ்கட் டப்பாவில் போட்டேன்.

"அண்ணி, அதை எதுக்கு? இனிமே அது எதுக்கு ஆகப்போகுது?"

"இருக்கட்டும் தம்பி."

"மஸ்கட்லேர்ந்து நட்டு கொண்டாந்தீங்க, மஸ்கட்டுக்கு நட்டு கொண்டு போறீங்களா?" பிரபா சிரித்தார். பாய் சிரித்தார். வடநாட்டு ஆளுக்குப் புரியவில்லை என்றாலும் அவனும் சிரித்தான்.

கடைசியில் பிரபா, "பாய், காத்து கம்மியா வைங்க. ஓமன்ல மணல்ல அப்படித்தானே போவாங்க?" என்றார்.

"ஆமா தம்பி, அங்க அப்படித்தான். காத்தை இறக்குனாத்தான் டயரு மணல்ல பரந்து நிக்கும்."

"மணல் எங்கே இருக்கு?" என்றேன்.

"பீச்சு இருக்குல்ல அண்ணி!"

காற்றை இறக்கினார்கள். பசி வேளை. எதிர்க் கடையில் வடை போன்ற இறால் வாடா வாங்கிக்கொடுத்தார் பாய். மேலே ஒட்டிய இறால் மொறுமொறுவென்று, உள்ளே வெங்காயம் இனிக்க. இந்த ஊரில் தடுமாற்றமில்லாமல் செய்கிற ஒரே காரியம் இதுதான் என்று நினைத்துக்கொண்டு மூன்று தின்றேன்.

பீச்சுக்குப் போனோம். வண்டியைத் தார் ரோட்டிலேயே நிறுத்தினார் பிரபா. இறங்கி, சுற்றி வந்து, போட்டோ எடுத்தார். மணலில் இறங்கவில்லையா என்றேன். "உப்பு பட்டா துருப் பிடிச்சிடும் அண்ணி." மணலுக்காகக் காற்றை இறக்கிய டயர் மணலைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. வழியெல்லாம் மாவு மில்லுக்குள் உட்கார்ந்ததுபோல இரைச்சல். ஒரு வளைவில் மட்கார்டில் டயர் உரசிக் கிறீச்சிட்டது. தாரிணியின் கன்னம் நடுங்குவதைப் பார்த்தேன். அந்த இடத்தில் அத்தையின் தைத்த கண்ணை வைத்துப் பார்த்தேன்.

அன்று மாலை வீட்டு வாசலில் எலுமிச்சம்பழம். புதுச் சக்கரம் ஆயிற்றே. சூடம் ஏற்றி, நாலு சக்கரத்துக்கும் நாலு பழம் வைத்தார் பிரபா. இரண்டு நாள் மழையில் வாசல் மண் ஊறிக் கிடந்தது. அத்தையை நாற்காலியில் உட்கார வைத்து, நான் பக்கத்தில் நின்றேன். அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர். பிரபா ஏறி வண்டியை முன்னால் நகர்த்தினார்.

மூன்று பழம் நசுங்கியது. இடது பின்சக்கரத்தின் பழம் நசுங்கவில்லை. சக்கரம் தாண்டிப் போன பிறகு சேற்றில் ஒரு குழியில், மஞ்சளாக, காம்போடு, முழுசாக உட்கார்ந்திருந்தது.

அத்தைக்குப் பழம் தெரியவில்லை. கூட்டம் அமைதியானது மட்டும் தெரிந்தது. "என்னடா?" என்றார்.

யாரோ ஒரு அம்மா, "பழம் ஒண்ணு நசுங்கல ஆச்சி" என்றாள்.

அத்தை கையை நீட்டினார். பழத்தைத் துடைத்து அவர் கையில் கொடுத்தேன். உருட்டிப் பார்த்தார். முகர்ந்தார். பிறகு சொன்னார்: "நான் இதுல ஏற மாட்டேன்."

"அம்மா, இன்னொரு பழம் வைக்கிறேன்மா."

"ரெண்டாவது தடவ கேக்குறது அதிகப்பிரசங்கித்தனம். பழைய சக்கரத்த மாட்டு. இல்லாட்டி இந்தக் கண்ணோடயே இருந்துட்டுப் போறேன்."

எனக்குக் காரணம் தெரியும். கட்டிகளுக்கு நடுவே பள்ளம். கீழே ஊறிய மண். போதாக்குறைக்குக் காற்று குறைந்த டயர். பழம் சின்னது. பள்ளத்துக்கு நேராகப் பழம் வந்திருக்கிறது. அழுத்தம் வந்தபோது நசுங்குவதற்குப் பதில் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. அதே பழத்தைச் சிமெண்ட் தரையில் வைத்திருந்தால் சாறு தெறித்திருக்கும். இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு நிமிடம் போதும்.

பிரபா என்னைப் பார்த்தார். "அண்ணி, நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. இதெல்லாம் ஒண்ணுமில்லைன்னு சொல்லுங்க."

காலையில் பிரேக் தூரத்தையும் வேகமுள்ளையும் சொன்னபோது நான் படித்தது அவருக்குக் கேலியாக இருந்தது. மாலையில் தேவைப்படுகிறது. நான் சூடத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

பழைய சக்கரத்தை மாட்டுவது லேசான காரியமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவற்றைப் பாயின் ஆட்கள் அப்போதே குட்டி யானையில் வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டுக் கொட்டகையில் படுக்கப் போட்டிருந்தார்கள். பழத்துக்கு முந்தியே, பகலில் நாங்கள் பீச்சில் நிற்கும்போது, அத்தை தடவித் தடவிப் போய் ஒன்றில் வைக்கோல் பரப்பி, முட்டைகளை அடுக்கி, கோழியை அடைக்கு வைத்துவிட்டார். "நல்ல வட்டமா இருந்துச்சு, முட்டை உருளாது" என்றார். கோழியை எழுப்பவே கூடாது என்றும் சொல்லிவிட்டார். கண்ணே பெரிதில்லை, குஞ்சுதான் பெரிது. மூன்று சக்கரம் இருக்கிறது, நாலாவதில் கோழி இருக்கிறது.

வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னி பழைய அளவுதான் என்று நான்தான் கண்டுபிடித்தேன். பெரிய டயர் பஞ்சரானால் சின்ன ஸ்டெப்னியை எப்படி மாட்டுவதாக இருந்தார்கள் என்று கேட்டேன். யாரும் யோசிக்கவில்லையாம்.

மறுபடி பட்டினம். மறுபடி ஜாக்கி. மஸ்கட் நட்டு பழைய சக்கரத்தில் சரியாக உட்காராது என்று பாய் கையை விரித்தபோது பிஸ்கட் டப்பாவை எடுத்து வைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. மூன்று சக்கரமும் ஸ்டெப்னியும் ஏறின. இனி ஸ்டெப்னி இல்லை என்பதால் ஒரு சேற்று டயரைப் பின்தட்டில் போட்டுக் கயிறு கட்டினார் பிரபா. அதை மாட்டவும் முடியாது. "ஒரு தைரியத்துக்கு அண்ணி."

குறித்த நாளில் விடியும் முன் கிளம்பினோம். அத்தை முக்காலியில் கால் வைத்து ஏறினார். சின்னச் சக்கரத்தாலும் மூன்று விரற்கடை உயரம்தான் குறைந்திருந்தது. அவ்வளவு பெரிய சண்டைக்கு மூன்று விரற்கடை. ஆனால் சவாரி நன்றாக இருந்தது. இரைச்சல் இல்லை. தாரிணி தூங்கினாள். கொஞ்ச தூரம் போனதும் வண்டியை நிறுத்தி நட்டுகளை மறுபடி இறுக்கச் சொன்னேன். அதில் ஒரு நட்டு கால் சுற்று சுற்றியது. நான் பிரபாவைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

தமிழ்நாட்டு எல்லையில் நிறுத்தினார்கள். காரைக்காலில் சரக்கு மலிவு, அந்த ஊர் வண்டி என்றாலே பாட்டிலைத் தேடுவது வழக்கம். இந்த வண்டி வேறு பார்த்தவுடனே குற்றம் செய்ததுபோல இருக்கும். "பாட்டில் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார் ஒரு காவலர்.

"ரெண்டு இருக்குய்யா" என்றார் அத்தை. பையைத் திறந்து கண் சொட்டு மருந்துப் புட்டிகளைக் காட்டினார். காவலர் சிரித்துவிட்டு, பின்தட்டு டயரைத் தட்டிப் பார்த்து, "இது யாருக்கு, டிராக்டருக்கா?" என்று கேட்டார். எனக்கு அந்தக் காவலருக்கு ஒரு இறால் வாடா வாங்கிக்கொடுக்கத் தோன்றியது.

ஆபரேஷன் சீக்கிரம் முடிந்தது. நான் வெளியே தாரிணிக்குத் தயிர்சாதம் ஊட்டிக்கொண்டு, கேட்க மறந்த கேள்விகளை நினைத்து நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் கட்டுப் பிரித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். "குலுக்காமக் கூட்டிட்டுப் போங்க" என்று மறுபடி சொன்னார்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. தார் ரோடு முழுக்க அத்தை அசங்காமல் வந்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். விழிதியூரில் ரோட்டை விட்டு வாய்க்கால் கரை மண் பாதையில் திரும்பினோம். வீடு கண்ணுக்குத் தெரிந்தது. வண்டி நின்றது.

களிமண். பின்சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. நாலு சக்கரமும் இழுக்கிற கம்பியைப் பிரபா மாற்றினார். இப்போது நாலும் நின்ற இடத்திலேயே சுற்றின. டயர்க் கோடுகளில் களிமண் அப்பி, நாலும் வழுவழுவென்று பானை ஆகிவிட்டன. இடது பக்கம் சரிய ஆரம்பித்தது. இடது பக்கம் வாய்க்கால்.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். தாரிணி அழுதாள். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இருமலடி, இருமலடி" என்றார். அந்த நேரத்திலும் டாக்டர் சொன்னதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

பிரபா இறங்கினார். முழங்கால் வரை சேறு. மண்வெட்டியை எடுக்கப் போனார். அதில் பூட்டு. சாவி வீட்டில். இரும்புக் கயிற்றைக் கட்ட மரம் வேண்டும். இரண்டு பக்கமும் நடவு வயல். வெள்ளத்தில் மூச்சுவிடும் குழாய் மட்டும் நன்றாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. பின்தட்டில் சேற்றுக்கென்றே செய்த டயர், சேற்றில் கால் வைக்காமல், கயிறு கட்டிப் பத்திரமாகச் சவாரி செய்துகொண்டிருந்தது.

பக்கத்து வயல்காரர் கலியபெருமாள், தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வந்தார். வண்டியை மேலும் கீழும் பார்த்தார். "என்ன தம்பி, இம்மாம் பெரிய மண்வெட்டி மாட்டிருக்கியே, எதுக்கு? கண்ணு படாம இருக்கவா?"

"சித்தப்பா, அம்மாவ எறக்கணும்."

மோட்டார் கொட்டகையிலிருந்து ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. ஆள் சேர்ந்தார்கள். அத்தையை வண்டியிலிருந்து நேராக நாற்காலிக்கு மாற்றி, நாலு பேர் நாலு காலைப் பிடித்துத் தூக்கினார்கள். கறுப்புக் கண்ணாடி, மடியில் மருந்துப் பை, நான் பிடித்த குடை. பின்னால் பிரபா தாரிணியைத் தோளில் வைத்துக்கொண்டு.

"சாமி பொறப்பாடு. மேளம்தான் இல்ல" என்றார் ஒருவர்.

"பேசாமத் தூக்குங்கடா. குலுக்காதீங்க" என்றார் அத்தை. வாசலில் இறக்கியதும் நாற்காலியின் கையைத் தட்டிக்கொடுத்தார். "இதாண்டா வண்டி. ஒரு ஆட்டம் இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். பிரபா மட்டும் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "இதுக்குத்தான் அண்ணி அந்த டயரு." கேலி இல்லாமல் சொன்னார். அதுதான் வலித்தது.

அன்றிலிருந்து யோசிக்கிறேன். அந்தக் கட்டி டயர் மாட்டியிருந்தால் களிமண்ணை உதறிவிட்டு வாசல்வரை வந்திருக்கும். ஆனால் தஞ்சாவூரிலிருந்து அதுவரை அத்தையின் கண்ணை உலுக்கி எடுத்திருக்கும். முழு ரோட்டுக்கு நான் சரி. கடைசித் துண்டுக்கு அவர் சரி. வாய்க்காலில் வண்டி சாய்ந்திருந்தால், மகளோடு, கண் ஆபரேஷன் ஆன மாமியாரோடு, நான் சரி என்பதை யாரிடம் போய்ச் சொல்லியிருப்பேன்? வாயை மூடிக்கொண்டு சூடத் தட்டோடு உள்ளே போனவள் நான்.

அத்தைக்கு ஒரு கண் நன்றாகத் தெரிகிறது. சமையலறை மூலையின் ஒட்டடையைக் கண்டுபிடித்துவிட்டார். என் தலையில் இரண்டு நரையைக் கண்டுபிடித்துவிட்டார். வாசலில் நின்ற வண்டியை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுவா? இவ்ளோ கறுப்பாவா இருந்துச்சு?" என்றார். பிரபா அன்று சாப்பிடவில்லை. கோழி குஞ்சு பொரித்துவிட்டது. அவையும் சக்கரத்தை விட்டு வெளியே வர மறுக்கின்றன.

அடுத்த கண்ணுக்கு நாள் குறித்தாகிவிட்டது. மழை இன்னும் விடவில்லை. பெரிய சக்கரமா, பழைய சக்கரமா என்று நானும் பிரபாவும் கூடத்தில் வாதாடிக்கொண்டிருந்தோம். அத்தை எங்களை நிறுத்தினார்.

"பெரிய சக்கரத்த மாட்டு. இன்னொரு தடவ கேட்டுடுவோம். போன தடவ எனக்குக் கண்ணு தெரியல, இப்பத் தெரியுது. பழம் நசுங்குனா அதுல போறேன். நசுங்கலன்னா பழைய சக்கரந்தான். அதுக்கப்புறம் ஒருத்தரும் பேசக் கூடாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "பழத்த இவன் வைக்க வேண்டாம். அபி, நீ வை. நீ படிச்சவ, ஒரு பக்கம் சாய மாட்ட."

பிரபாவும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். எனக்கு எல்லாம் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. கணவரிடம் போனில் சொன்னேன். "ஒரு பழம் வைக்கிறதுக்கு என்னடி இவ்ளோ யோசனை?" என்றார்.

வாசலில் பாதி சிமெண்ட் தரை, பாதி ஊறிய மண். டயரில் பாதி கட்டி, பாதி பள்ளம். பழத்தைச் சிமெண்டில், கட்டிக்கு நேராக வைத்தால் நசுங்கும். ஈர மண்ணில், பள்ளத்துக்கு நேராக வைத்தால் நசுங்காது. சாமி சொல்லப்போவதாக அத்தை நம்புகிற பதிலை நான்தான் கையால் வைக்கப் போகிறேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால், போன தடவை ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். அதைவிட, இனி எதைத்தான் நம்பி வண்டியில் ஏறுவார்?

வாசகர்களே, உங்களில் கண் ஆபரேஷன் ஆனவர்களைக் கூட்டிப்போனவர்கள் இருப்பீர்கள், களிமண் பாதையில் வண்டி ஓட்டியவர்கள் இருப்பீர்கள், மாமியார் உள்ளவர்கள் கட்டாயம் இருப்பீர்கள். யோசனை சொல்லுங்கள். வாடகைக் கார் எடுங்கள் என்று மட்டும் எழுதாதீர்கள். அப்படி எழுதுகிறவர் விழிதியூர் வந்து அதை அத்தையிடம் நேரில் சொல்ல வேண்டியிருக்கும். நாலு பழம் வாங்கி வைத்திருக்கிறேன். மூன்றைச் சிமெண்டில் வைத்துவிடுவேன், அவை நசுங்கிவிடும். அந்த நாலாவதை எங்கே வைக்கட்டும்?